கூரையை வெட்டும் முன்

பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை ஓடுகிறது. 1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. அன்று முதல் பல குடும்பங்களுக்கு உறவு ஒரு பக்கம், ரேஷன் கார்டு மறு பக்கம். ரோட்டில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டிலும் இது தெரியும். கே.எல். 19 என்றால் பாறசாலை, கே.எல். 20 என்றால் நெய்யாற்றின்கரை, டி.என். 75 என்றால் மார்த்தாண்டம். மூன்றும் ஒரே டீக்கடை வாசலில் நிற்கும்.

அந்த வண்டிகளில் சிலவற்றுக்குக் கூரை கிடையாது. பழைய ஜீப், மாருதி ஜிப்ஸி, சில சமயம் கூரையை அறுத்து எடுத்த சாதாரண கார். இருக்கைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கறுப்புக் குழாய் ஒன்று. கேட்டால் 'ரோல் பார்' என்பார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கிறது. செய்தது, வாசல் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற வெல்டிங் பட்டறை. இளைஞனுக்குப் பெருமை, பட்டறைக்காரருக்கு வருமானம். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம்.

வண்டி கவிழாத வரை யாருக்கும் நஷ்டமில்லை.

கூரை இல்லாத காரில் பந்தயம் ஓட்டுவது நமக்குப் புதிதல்ல. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990இல் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்கென்றே நிரந்தர டிராக் வந்தது. கோவையின் கரிவர்தன், மாருதி 800 இன்ஜினைப் போட்டு ஒற்றை இருக்கைத் திறந்த கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். இது கோடீஸ்வரர்கள் மட்டுமே ஆடிய ஆட்டம் அல்ல. பட்டறையில் கை கறுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. எல்லையோரப் பையனின் ஆசையைக் கேலி செய்ய ஒன்றுமில்லை.

ஆனால் டிராக்கில் திறந்த கார் நுழைய வேண்டுமானால் முதலில் பரிசோதனையைத் தாண்ட வேண்டும். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. இதற்கு எழுதி வைத்திருக்கும் விதிகளைப் படித்தால் பட்டறைக் குழாயின் லட்சணம் புரியும். பிரதான வளையத்துக்குத் தையலில்லாத கார்பன் எஃகுக் குழாய் வேண்டும். விட்டம் 45 மில்லிமீட்டர், கனம் இரண்டரை மில்லிமீட்டர்; அல்லது விட்டம் 50, கனம் 2. தண்ணீருக்குப் போடும் ஜி.ஐ. பைப்பில் நீளவாக்கில் வெல்டிங் தையல் ஓடும். பெரும் சுமை விழுந்தால் அது பிளக்கக்கூடிய இடம் அது. குழாயை வளைக்கும்போது நசுங்கவோ சுருங்கவோ கூடாது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தின் மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மணலை அடைத்துச் சூடாக்கி முட்டியில் வைத்து வளைத்தது இதில் சேராது.

குழாயைவிட முக்கியம் அதன் கால். வளையம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் அது நிற்பது மெல்லிய தகட்டுத் தரையில். கார் கவிழ்ந்தால் குழாய் வளையாமலே தரையைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு காலுக்கும் அடியில் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் கொண்ட தகடு, 8 மில்லிமீட்டர் உயர்தர போல்ட் மூன்று என்று விதி கேட்கிறது. வளையம் பின்னால் சாயாமல் தாங்க இரண்டு நேரான கம்பிகள் வேண்டும். அவை செங்குத்திலிருந்து 30 டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். நம் ஊர் ஜீப்புகளில் பெரும்பாலும் இந்தக் கம்பிகளே இருப்பதில்லை. இருந்தால் பின்னால் ஆள் உட்கார இடம் போதாது என்பார்கள்.

திறந்த காருக்கென்றே ஒரு சோதனை உண்டு. அமெரிக்க அமெச்சூர் பந்தயக்காரர்கள் துடைப்பக்கட்டைச் சோதனை என்று செல்லமாகச் சொல்வார்கள். ஓட்டுநர் ஹெல்மெட் மாட்டி, பெல்ட் இறுக்கி உட்கார வேண்டும். பின்வளையத்தின் உச்சியிலிருந்து முன்புறத்தில் பலமான பகுதிக்கு நேராக ஒரு கட்டையை வைக்க வேண்டும். கட்டை ஹெல்மெட்டில் இடித்தால் கார் வெளியே. கார் தலைகீழானால் தரை எங்கே வந்து நிற்கும் என்பதை அந்தக் கட்டை காட்டிவிடுகிறது. உயரமான ஆளுக்கு வளையத்தை உயர்த்த வேண்டும், இல்லையேல் இருக்கையைத் தாழ்த்த வேண்டும். தலையைக் குனிந்து ஏமாற்றுவதில் பயனில்லை, கவிழும்போது யாரும் குனிந்திருக்கப்போவதில்லை. காரோடு வரும் மெல்லிய அலங்கார வளையத்தையும் கண்ணாடிச் சட்டத்தையும் நம்ப முடியாது என்பதால்தான் இவ்வளவு பாடு.

அதோடு முடியவில்லை. தோளிலிருந்து பின்னால் போகும் பெல்ட் மிகவும் செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலில் முதுகெலும்பை அழுத்தும். 45 டிகிரிக்கு மேல் இறங்கக் கூடாது. கை வெளியே பறந்து காருக்கும் தரைக்கும் நடுவே சிக்காமல் இருக்கத் திறந்த கார்களில் கைக்கும் பட்டை கட்டுகிறார்கள். தீயணைப்பான், பாட்டரி இணைப்பை வெளியிலிருந்தே துண்டிக்கும் சுவிட்ச், குழாய்க்கு மேல் கடினமான திண்டு என்று பட்டியல் நீள்கிறது.

இத்தனை செய்தும் உத்தரவாதம் இல்லை. 2022 ஜூலையில் சில்வர்ஸ்டோனில் சீன ஓட்டுநர் சோ குவான்யூவின் ஃபார்முலா ஒன் கார் தலைகீழாகச் சறுக்கியபோது தலைக்குப் பின்னால் இருந்த பாதுகாப்பு வளையமே உடைந்துபோனது. அவரைக் காப்பாற்றியது 2018 முதல் கட்டாயமான 'ஹாலோ' சட்டம். கோடிகளில் செலவழிப்பவர்களின் வளையமே உடைந்தது என்பதால் விதியை மேலும் கடுமையாக்கினார்கள். 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் இறங்கி நடந்து வந்த காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரி 8ஆம் தேதி சென்னை டிராக்கில், மூடிய கார்களுக்கான பந்தயத்தில், 59 வயது அனுபவசாலி கே.இ. குமாரின் கார் கவிழ்ந்து அவர் இறந்தார். விதி ஆபத்தைக் குறைக்கிறது; இல்லாமல் செய்வதில்லை.

இனி எல்லையோர ஜீப்புக்கு வருவோம். அங்கே ஒரு வாதம் கேட்கும். 'ரேஸ் காரில் இவ்வளவு நல்லது என்றால் ரோட்டிலும் நல்லதுதானே?' நியாயமான கேள்விபோலத் தோன்றும். பதில், இல்லை. டிராக்கில் அந்தக் குழாய்க்கு அருகே இருப்பது ஹெல்மெட் போட்ட தலை, ஆறு முனை பெல்ட்டால் இருக்கையோடு கட்டிப்போட்ட உடல். ரோட்டில் அதே குழாய்க்கு ஓரடி தூரத்தில் இருப்பது வெறும் தலை. பின்னால் உட்கார்ந்திருக்கும் தங்கைக்கும் நண்பனுக்கும் பெரும்பாலும் பெல்ட்டே இல்லை. சின்ன மோதலில்கூடத் தலை போய் இடிப்பது எஃகில்தான். டிராக்கில் உயிர் காக்கிற பொருள் ரோட்டில் மண்டையை உடைக்கும். வண்டியின் முன்னால் மாட்டும் கிராஷ் கார்டுக்கும் இதே கதை. நடந்து போகிறவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்று 2017 டிசம்பரில் மத்திய அரசு அவற்றுக்கு எதிராக மாநிலங்களுக்கு எழுதியது.

கூரையை அறுப்பது இதைவிட மோசம். மூடிய காரில் கூரையும் தூண்களும் சேர்ந்துதான் உடலை முறுக்காமல் பிடித்துவைத்திருக்கின்றன. தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்யும்போது அடித்தளத்தையும் பக்கச் சட்டங்களையும் கனமாக்குகிறார்கள். பட்டறையில் அறுக்கும்போது அந்த ஈடு எங்கிருந்து வரும்? சில மாதத்தில் கதவு மூடாது. மேடுபள்ளத்தில் கண்ணாடி விரிசல் விடும். மோதினால் வண்டி நடுவில் மடங்கும்.

சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. 'கேரளத்தில் பிடிப்பார்கள், களியக்காவிளை தாண்டினால் விட்டுவிடுவார்கள்' என்ற பேச்சு வெறும் பேச்சுதான். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம், அதன் 52ஆம் பிரிவு இரு கரைக்கும் ஒன்றே. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான், உற்பத்தியாளர் வகுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. கணக்கு மாற்றத்துக்கு ஒன்று என்பதைக் கவனியுங்கள்: கூரைக்கு ஒன்று, குழாய்க்கு ஒன்று, டயருக்கு ஒன்று.

அதிகாரிகளைத் திருப்திப்படுத்த மட்டும் இதைச் சொல்லவில்லை. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை வரும் பைபாஸ், பாறசாலை இளைஞர்களுக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்த ஓடுபாதை. 2022 ஜூனில் விழிஞ்ஞம் முக்கோலை அருகே அந்தப் பைபாஸில்தான் பைக் பந்தயத்தில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். சோழவரத்தில் ஓடுபாதை இருந்தது, ஆனால் எதிரே லாரி வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். பைபாஸில் இரண்டும் நேர்மாறு.

அப்படியானால் ஆசைக்கு வழி? இருக்கிறது, ஆனால் தூரத்தில். கோவை செட்டிபாளையத்தில் கரிவர்தன் பெயரிலேயே உள்ள டிராக், இங்கிருந்து 400 கிலோமீட்டருக்குக் குறையாது. இருங்காட்டுக்கோட்டை 700க்கும் மேல். இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்களின் கூட்டமைப்பிடம் லைசென்ஸ் எடுக்க வேண்டும். கேஜ் போட்ட காரை ரோட்டில் ஓட்டிப் போகாமல் லாரியில் ஏற்றிப் போக வேண்டும். செலவுதான், மறுக்கவில்லை. திருவனந்தபுரத்துக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே வார இறுதியில் ஓட்டிப் பார்க்க ஒரு சிறிய மைதானத்தை இரு மாநிலங்களில் ஏதாவது ஒன்று ஒதுக்கினால், பைபாஸில் போலீஸ் செலவழிக்கும் நேரத்தில் பாதி மிச்சமாகும். பிடித்து அபராதம் போடுவதைவிட இது மலிவு.

அதுவரை, காற்று வாங்க ஆசைப்படுபவர்கள் கம்பெனியே துணிக்கூரையோடு விற்கும் வண்டியை வாங்கலாம். 2020இல் வந்த தாரில் அப்படி ஒரு வகை வந்தது. வளையமும் தொழிற்சாலையிலேயே பொருத்தியது, பதிவிலும் அப்படியே இருக்கும். பழைய ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் வெல்டிங்குக்கு வைத்த பணத்தில் நல்ல பிரேக்கும் நல்ல டயரும் எல்லா இருக்கைக்கும் பெல்ட்டும் போடலாம். போட்டோவில் தெரியாத மாற்றங்கள்தான். ஆனால் பின்சீட்டில் உட்காரும் தங்கைக்கு வேண்டியது அவைதான்.