இரண்டாவது படம்

டோக்கியோவின் கின்ஸா பகுதியில், ஒரு கட்டடத்தின் நிலவறையில் நாமிகிஸா என்றொரு சின்ன தியேட்டர் இருந்தது. இயக்குநர் ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ வெளியான அதே 1953-இல் திறந்தார்கள். சுமார் 80 இருக்கைகள். திரையை மறைத்துக்கொண்டு தூண்கள். தூண் பக்கம் இடம் கிடைத்தவர் கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் ஆட்கள் வந்தார்கள். ஓஸு, நருஸே, மிஸோகுச்சி, குரோசாவா என்று 45 ஆண்டுகள் பழைய ஜப்பானியப் படங்களை ஓட்டிவிட்டு, 1998 செப்டம்பரில் அது கதவை மூடியது.

அதே 1998-இல்தான் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் உள்ள சினிமா ரைஸ் தியேட்டரில் நம் ‘முத்து’ மாதக்கணக்கில் ஓடியது. அதை இன்றைக்கும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம், சொல்லவும் வேண்டும். அந்த ஆண்டு அந்த ஊர் எதைப் பறிகொடுத்தது என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சினிமா ரைஸும் 2016-இல் மூடப்பட்டுவிட்டது.

நாமிகிஸா போன்றவற்றை அங்கே மெய்கஸா என்பார்கள். புதுப்படம் வராது. ஒரு நடிகை, ஓர் இயக்குநர், ஒரு ஸ்டூடியோ என்று ஏதாவது ஒரு சரடைப் பிடித்துப் பழைய படங்களைக் கோத்துப் போடுவார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். காலையில் நுழைந்தால் மாலை வரை உட்கார்ந்திருக்கலாம், எழுப்ப மாட்டார்கள். ஓய்வுபெற்றவர்கள், கல்லூரியைக் கட் அடித்த மாணவர்கள், வெயிலுக்கு ஒதுங்கிய விற்பனைப் பிரதிநிதிகள் எல்லோருக்கும் அங்கே இடமுண்டு.

அந்த இரண்டாவது படத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும். முதல் படத்துக்காகப் போவோம். பெயர் தெரிந்த இயக்குநர், எங்கோ படித்த படம். இரண்டாவது படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது; காசு கொடுத்தாயிற்றே என்று உட்கார்ந்திருப்போம். கவாஷிமா யூஸோவை நான் அப்படித்தான் கண்டடைந்தேன். இயக்குநர் இமாமுராவைத் தெரிந்த நம் சினிமா ஆர்வலர்களில் எத்தனை பேருக்கு, அவர் யாரிடம் உதவி இயக்குநராக வேலை பார்த்தாரோ அந்தக் கவாஷிமாவைத் தெரியும்? 45 வயதில், 1963-இல் இறந்துபோன மனிதர். அதற்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்கள். வேசைவிடுதி, மலிவான வாடகைக் குடியிருப்பு, கடன், இருமல், அதற்கு நடுவே அடக்க முடியாத சிரிப்பு. வசனத்தில் பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அரங்கு சிரிக்கும் இடத்தில் நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று முகங்களைப் பார்த்தே புரிந்தது. அன்று தேடிப் போனது நருஸேயை. வீட்டுக்கு வந்தது கவாஷிமா.

இப்படிப்பட்ட படங்கள் குவிந்த காலம் ஒன்று இருந்தது. 1958-இல் ஜப்பானில் 112 கோடி டிக்கெட் விற்றது. கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்குப் பன்னிரண்டு படம் பார்த்த கணக்கு. 1960-இல் நாடெங்கும் 7,457 தியேட்டர்கள். அந்த ஓர் ஆண்டில் மட்டும் 547 ஜப்பானியப் படங்கள். ஸ்டூடியோக்கள் வாராவாரம் புதுப்படம் அனுப்பின. முதல் ரன், இரண்டாம் ரன் முடிந்து, கடைசியில் அக்கம்பக்கத்துக் கொட்டகைக்கு வந்து சேரும். பிறகு டிவி வந்தது, வீடியோ வந்தது. 1996-இல் டிக்கெட் விற்பனை 12 கோடிக்கும் கீழே போய்விட்டது.

பழைய படங்கள்தான் டிஸ்க்கில் கிடைக்கின்றனவே, இணையத்தில் இருக்கின்றனவே என்பார்கள். ஓஸு கிடைப்பார், குரோசாவா கிடைப்பார். அந்த 547-இல் எத்தனை கிடைக்கும்? பல படங்கள் இன்னமும் 35 எம்எம் பிரிண்டாக மட்டுமே ஸ்டூடியோ கிடங்கில் கிடக்கின்றன. யாராவது வாடகைக்குக் கேட்டால்தான் பெட்டி வெளியே வரும். பிரிண்ட் தேய்ந்துபோயிருந்தால், புதிதாக ஒன்று எடுத்தாக வேண்டும். அந்தச் செலவில் இறங்கவும் ஒரு தியேட்டர்காரர் வேண்டும். கேட்க ஆள் இல்லாவிட்டால் படம் இருந்தும் இல்லாததுதான். மெய்கஸா மூடும்போது, எந்தப் பெட்டியைக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரு மனிதரும் வேலையை விட்டுப் போகிறார்.

மூடல்கள் கொத்துக் கொத்தாக வந்தன. ஜப்பானின் முதல் நிரந்தரத் திரையரங்கு 1903-இல் திறந்தது டோக்கியோவின் அஸகுஸாவில். அங்கே எஞ்சியிருந்த பழைய தியேட்டர்கள், யாகுஸா (தாதா) படங்களை வரிசையாக ஓட்டிய அஸகுஸா மெய்கஸா உட்பட, 2012-இல் மூடப்பட்டன. டோக்கியோவின் சான்கென்ஜாயாவில் ஒன்று 2013-இல், இன்னொன்று 2014-இல். கட்டடத்துக்கு வயதாகிவிட்டது, டிஜிட்டல் புரொஜெக்டர் வாங்கக் காசில்லை, முதலாளிக்குப் பின் நடத்த ஆளில்லை. 2013-இல் ஃபுஜி பிலிம் நிறுவனமும் திரையிடலுக்கான படச்சுருள் தயாரிப்பை நிறுத்தியது.

என் மனசுக்கு மிக நெருக்கமானது கின்ஸா சினிபதோஸ். தூர்த்துவிட்ட ஒரு கால்வாயின் மேல், மிஹாராபாஷி பாலத்தடியில், தரைக்குக் கீழே இருந்தது. பக்கத்திலேயே மெட்ரோ ரயில். காதலர்கள் பிரியும் கட்டத்தில் தடதடவென்று சுவர் அதிரும். யாரும் முகம் சுளித்ததில்லை. அந்தச் சத்தம் இல்லாவிட்டால் படம் முழுமையாகாது என்றே ரசிகர்கள் நினைத்தார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அந்த நிலவறை பாதுகாப்பானதா என்ற கேள்வி வந்தது. 2013 மார்ச் 31-இல் மூடினார்கள். விமர்சகர் ஹிகுச்சி நவோஃபுமி அந்தத் தியேட்டருக்குள்ளேயே ‘இன்டர்மிஷன்’ என்றொரு படம் எடுத்தார்; அதையே அங்கே கடைசியாக ஓட்டினார்கள். ஒரு தியேட்டரை இதைவிட மரியாதையாக வழியனுப்ப முடியாது.

எல்லாம் போய்விடவில்லை. கிதாக்யூஷு நகரின் கொகுரா ஷோவாகன் தியேட்டர் 1939-இல் தொடங்கியது. மூன்றாம் தலைமுறை நடத்துகிறது. 2022 ஆகஸ்டில் பக்கத்துச் சந்தையில் பற்றிய தீ அதையும் தின்றது. நடிகர் தகாகுரா கென் எழுதிய கடிதமும் சாம்பலானது. ஊர் மக்களும் வெளியூர் ரசிகர்களும் பணம் அனுப்பினார்கள். 2023 டிசம்பரில் மறுபடி திறந்தார்கள். பொருளாதாரம் பேசுகிறவர்கள் இதைப் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். ஒரு தெருவுக்கு எது வேண்டும் என்று அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது என்பேன் நான்.

ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு படம் என்ற வழக்கம்தான் வேகமாக அருகிவருகிறது. இப்போது நம்மூரிலிருந்து நிறையப் பேர் டோக்கியோ போகிறார்கள். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோவில் 99 இருக்கைத் தியேட்டர் ஒன்று இருக்கிறது. அஸகாயாவில் லாபுடா, 48 இருக்கை. சப்டைட்டில் பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் ஒரு பகல் காட்சிக்குப் போய் உட்காருங்கள். பெயர் தெரிந்த படம் வேண்டாம்; அன்றைக்கு என்ன ஓடுகிறதோ, அது.