நோய்க்கடனும் சங்கத்தின் சிக்கனமும்

எந்தக் கூட்டுறவுச் சங்கத்தின் உபவிதிகளைப் புரட்டினாலும், அங்கத்தினரிடையே சிக்கனம், தன்னுதவி, பரஸ்பர உதவி ஆகியவற்றை வளர்ப்பது சங்கத்தின் நோக்கம் என்ற வாசகம் முதற்பக்கங்களிலேயே காணப்படும். 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறி, அவ்வாண்டிலேயே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் தமிழகத்தின் முதற்சங்கம் தோன்றியது முதல் இவ்வாசகம் நம்மோடு வந்துகொண்டிருக்கிறது. அக்காலத்துப் பெரியோர் சிக்கனம் என்று சொன்னபோது, கல்யாணத்திலும் காதுகுத்திலும் கருமாதியிலும் கரையும் பணத்தை மனத்திற்கொண்டு சொன்னார்கள். இன்று நெசவாளர் குடும்பத்தையும் விவசாயக் குடும்பத்தையும் கடனில் ஆழ்த்துவனவற்றுள், அவற்றுக்குச் சற்றும் குறையாத ஒன்று வைத்தியச் செலவு. சிக்கனம் பேசும் நாம் இதைப்பற்றிப் பேசாதிருப்பது முறையாகுமா?

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் நகைக்கடன் பதிவேடுகளில் ‘பயிர்ச் செலவு’ என்றே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். நடவு முடிந்து களையெடுப்பும் ஓய்ந்த மாதத்தில் எந்தப் பயிருக்கு இந்தச் செலவு என்று நாம் கேட்பதுண்டு. தாயாருக்குக் காலில் ஆறாத புண், அண்ணனுக்கு நெஞ்சுவலி, மனைவிக்குச் சிறுநீரகத்தில் கோளாறு என்ற விடைகள் தயங்கித் தயங்கி வரும். நெசவாளர் சங்கங்களில் கூலியில் முன்பணம் கேட்டு வருவோர் சொல்லும் காரணங்களும் இவையே. அடகு வைத்த சங்கிலி மீள்வதும் மூழ்குவதும் ஒருபுறமிருக்க, நோயாளி படுத்த நாட்களில் தறி நிற்கிறது. துணைக்கு மருத்துவமனையில் உட்கார்ந்திருப்பவரின் கூலியும் போகிறது. இந்த இரண்டாவது நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

அரசாங்கம் மக்களைக் கைவிட்டுவிடவில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். 2009ஆம் ஆண்டிலிருந்து நம் மாநிலத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. இன்று குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. அப்படியிருக்கச் செலவு ஏது என்று கேட்பவர்கள், மாத்திரைக்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவே உள்ள நீண்ட பாதையை மறந்துவிடுகிறார்கள். போக்குவரத்து, தனியார் பரிசோதனைக் கூடங்கள், இழந்த கூலி, ‘பெரிய டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுவோம்’ என்று புறப்படும் பயணங்கள் ஆகியவற்றைக் காப்பீட்டு அட்டை ஈடுசெய்வதில்லை. மாதம் 500 ரூபாய் இவ்வாறு போவதாக வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 6,000. நாற்பது வயதில் நோய் கண்டவர் எழுபது வயது வரை வாழ்ந்தால் 1,80,000 ரூபாய். வட்டியை நாம் சேர்க்கவில்லை.

நெசவாளர்கள் தனியே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீரிழிவைக் கட்டுக்குள் வையாது விட்டால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளுடன் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகறிந்த நிறுவனம். அதன் நிழலிலேயே வாழும் நாம், கண்புரைக்கு அங்கே விமோசனம் உண்டு என்ற தெம்பில் எல்லாக் கண்நோயையும் அவ்வாறே எண்ணிவிடுகிறோம். புரையை நீக்கினால் பார்வை மீளும். விழித்திரையில் இழந்த பார்வை பெரும்பாலும் மீளாது. லேசர் முதலிய சிகிச்சைகளால் எஞ்சியதைக் காக்கலாம், அவ்வளவே. இழை அறுந்தது தெரியாத கண்ணுடன் குழித்தறியில் இறங்கி என்ன பயன்?

இனி, உணவையும் நடையையும் மாற்றினால் இந்நோய் உண்மையிலேயே குறையுமா என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு மேலைநாட்டு ஏடுகளைத் தேடவேண்டியதில்லை. சென்னையில் டாக்டர் அ. இராமச்சந்திரன் அவர்களும் குழுவினரும் நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோய் இன்னும் வராமல், ஆனால் இரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டை நெருங்கி நிற்கும் 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும், ஒன்றுக்கு உணவுக் கட்டுப்பாடும் நாள்தோறும் அரைமணி விரைந்த நடையும், ஒன்றுக்கு மாத்திரை, மற்றொன்றுக்கு இரண்டும். மூன்றாண்டுகளில் முதற்பிரிவில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களில் அது 39 அளவில் நின்றது. மாத்திரைப் பிரிவும் ஏறக்குறைய அதே அளவுதான். இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. செலவுக் கணக்கில் பழக்க மாற்றமே மாத்திரையைவிடச் சற்று மலிவாக இருந்தது. இம்மனிதர்கள் பெருத்த உடலினர் அல்லர். சராசரியில் நம்மைப் போன்ற நடுத்தர உடலினரே. உடல் எடை பெரிதும் குறையாமலே இப்பலன் கிட்டியது.

இந்தக் கணக்கை வேறொரு விதமாகவும் பார்க்கலாம். ஆறு அல்லது ஏழு பேர் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் அவர்களில் ஒருவர் மூன்றாண்டுகளில் நோயிலிருந்து தப்புகிறார். தப்புகிறவர் எவர் என்பது எவருக்கும் தெரியாது. தனி மனிதனுக்கு இது கவர்ச்சியில்லாத பேரம். ‘நான் நடந்துதான் ஆகப்போகிறதா?’ என்று அவன் போர்வையை இழுத்துக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் ஒரு சங்கத்தில் எல்லைக்கோட்டில் நிற்போர் அறுபத்தைந்து பேர் என்று கொண்டால், பத்துக் குடும்பங்கள் நோய்க்கடனிலிருந்து விடுபடுகின்றன. தனியொருவருக்குச் சந்தேகமாகத் தோன்றுவது கூட்டத்துக்கு உறுதியான லாபமாகிறது. கூட்டுறவு என்பதன் அஸ்திவாரமே இதுவன்றோ? நலவாழ்வைத் தனிமனித ஒழுக்கமாக உபதேசித்து வந்ததனாலேயே அது நம்மவரிடம் எடுபடவில்லை என்பது நம் கருத்து.

எல்லைக்கோட்டில் நிற்போர் மிகச் சிலர் என்று எண்ணிவிட வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10.1 கோடி என்றும், எல்லைக்கோட்டில் உள்ளோர் 13.6 கோடி என்றும் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100க்கு 14 பேருக்கு மேல் நோய் உள்ளவர்கள்.

பலர் சேர்ந்து பழக்கத்தை மாற்றியதற்குப் பின்லாந்து தேசத்தின் வட கரேலியா வட்டாரம் சிறந்த உதாரணம். பால்பண்ணைத் தொழிலையே பெரிதும் நம்பிய அவ்வட்டாரத்தில் நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிவது உலகிலேயே மிக அதிகமாக இருந்தது. 1972இல் அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. குடும்பப் பெண்களின் சங்கங்கள் ஊர் ஊராகச் சமையல் மாலைகள் நடத்தி, வெண்ணெயும் உப்பும் குறைந்த பழைய பண்டங்களைச் சமைத்துக் காட்டின. வெண்ணெய் விற்பனை குறைந்தால் பண்ணையாளர் பிழைப்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தபோது, அக்குளிர் நாட்டில் விளையும் சிறு பழங்களைப் பயிரிட அவர்களுக்கு உதவினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வீழ்ந்தது. மருத்துவர்கள் வழிகாட்டினார்கள், வேலையில் பெரும்பகுதியைச் சங்கங்களும் சமையலறைகளும் செய்தன.

‘உழைப்பாளிக்கு உடற்பயிற்சி எதற்கு?’ என்று செல்லூரிலும் நிலையூர் கைத்தறி நகரிலும் நம்மைக் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சென்னை ஆராய்ச்சியிலும், உடலுழைப்பான வேலை செய்வோரையும் ஏற்கெனவே அரைமணிக்கு மேல் நடப்போரையும் அவ்வாறே தொடரும்படி மட்டுமே சொன்னார்கள். ஆனால் நம் உழைப்பு எப்படிப்பட்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவை நீளமாக விரித்து, கஞ்சி தோய்த்து, குடும்பமே இருபுறமும் நடந்து நடந்து ஆற்றிய காலம் இருந்தது. இன்று பல இடங்களில் பாவு சுற்றிய நிலையிலேயே வந்து இறங்குகிறது. எஞ்சியிருப்பது குழியில் அமர்ந்து மிதிக்கும் வேலை. அதில் தோளும் முழங்காலும் தேய்கின்றன, உடல் ஓரிடத்திலேயே இருக்கிறது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்து நஞ்சைகளில் உழவும் அறுவடையும் இயந்திரத்திடம் போய்விட்டன. வாய்க்கால் மடையைத் திறக்கக்கூட மொபெட்டில் போகிறோம். வண்டியூர்த் தெப்பக்குளத்தை மூன்று முறை சுற்றினால் மூன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது. அதற்குக் கட்டணமில்லை. ஊர்ப்புறத்தாருக்குக் கண்மாய்க் கரையே போதும்.

உணவைப் பற்றிப் பேசும்போது நமக்குக் கூச்சம் உண்டாகிறது. கூலி போதாதவனிடம் காயும் கனியும் தின்னச் சொல்வது எளிது. நியாய விலைக் கடையில் 2011 ஜூன் முதல் விலையின்றிக் கிடைக்கும் அரிசி, பல வீடுகளில் பட்டினியை விரட்டியிருக்கிறது. அதைப் பழிப்பவர் பசியறியாதவர். ஆயினும் வயிறு நிறைந்தது வேறு, உடல் தேறியது வேறு. மூன்று வேளையும் தட்டு நிறைய வெள்ளைச் சோறும் ஓரத்தில் ஊறுகாயும் என்ற முறைதான் மாற வேண்டும். அதே கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைக்கிறது. கொல்லையில் முருங்கை நிற்கிறது. ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து, அவ்விடத்தில் பருப்பையும் கீரையையும் வைப்பதற்குப் பெரும் செலவு பிடிக்காது. வள்ளுவரும் ‘மருந்து’ என்று பெயரிட்ட அதிகாரத்தில் மருந்தைவிட உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசியிருக்கிறார்.

தேநீரையும் சொல்லத்தான் வேண்டும். தறிக்குழியிலிருந்து எழுந்து நாளைக்கு ஆறு முறை தேநீர் அருந்துகிறவர், ஒவ்வொன்றிலும் இரு சிறு கரண்டிச் சர்க்கரை என்று கொண்டால், 60 கிராம் உட்கொள்கிறார். மாதத்துக்கு 1,800 கிராம். ஒரு குடும்ப அட்டைக்கு மாதம் அதிகபட்சம் கிடைப்பதே 2 கிலோதான்! மதுரையின் இரவு நேரப் புரோட்டாக் கடைகளை ஈண்டு நாம் தொடவில்லை. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும், பகைவரும் பெருகுவர்.

திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து மானாவாரிக் கரிசலில் குதிரைவாலி விளைகிறது. மதுரை வேளாண்மைக் கல்லூரியே எம்.டி.யு. 1 என்னும் குதிரைவாலி ரகத்தை வெளியிட்டிருக்கிறது. விளைவிப்பவர் அதை வியாபாரிக்கு மூட்டையாகப் போட்டுவிட்டு வீட்டில் அரிசி பொங்குகிறார். நகரத்தில் அதே தானியம் தீட்டப்பட்டு, அழகிய பையில் அடைபட்டு, நெசவாளன் தொட முடியாத விலைக்கு விற்கிறது. இப்பத்திரிகையை நெசவாளரும் விவசாயிகளும் ஒருங்கே படிக்கிறார்கள். ஆனால் அவ்விரு சங்கங்களுக்கிடையே ஒரு மூட்டையாவது நேராகக் கைமாறுகிறதா? விவசாயிகள் சங்கம் அதிகம் தீட்டாத குதிரைவாலியையும் தட்டைப்பயறையும் கொள்ளையும் நெசவாளர் சங்கத்துக்கு அனுப்பட்டும். நெசவாளர் சங்கம் துண்டும் வேட்டியும் அனுப்பட்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுத்தார்கள். நம் மாவட்டத்துக்கும் அதைக் கேட்டுத் தீர்மானம் அனுப்பலாம். சிறுதானியம் என்றதும் அளவின்றி உண்ணலாம் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது, அதுவும் மாவுப்பண்டமே.

சங்கங்கள் செய்யக்கூடியதில் முதன்மையானது பரிசோதனை. பாவில் ஓரிழை அறுந்த கணமே பிணைத்துவிட்டால் துணியில் குறை தெரியாது. ஒரு முழம் நெய்தபின் கண்டால் துணியே கழிவாகிறது. கூலி வழங்கும் நாளன்றும் உரம் வழங்கும் நாளன்றும் அங்கத்தினர் எப்படியும் வருகிறார்கள். அந்நாளில் ஆரம்ப சுகாதார நிலையத்தாரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, முப்பது வயது கடந்த ஆண் பெண் எல்லோருக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் செய்வதற்கு நிர்வாகக் குழுவோ தனி அலுவலரோ ஒரு கடிதம் எழுதினால் போதும். குடும்பத்தில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் பெண்களை முதலில் உட்காரவைக்க வேண்டும். லாபத்தில் இயங்கும் சங்கங்கள் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒதுக்கும் பொது நல நிதியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று துறையைக் கேட்கட்டும். நஷ்டத்தில் இயங்குபவை கடிதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அதற்கு அஞ்சல் செலவு மட்டுமே.

மகாசபை நாளன்று லட்டும் மிக்சரும் பொட்டலமாக வழங்கும் வழக்கத்தையும் மாற்றிப் பார்க்கலாம். அவித்த தட்டைப்பயறுச் சுண்டலும் சர்க்கரை குறைந்த தேநீரும் கொடுத்தால் கோரம் சேராது என்று செயலாளர்கள் சிலர் நம்மிடம் அஞ்சினார்கள். இவ்வாண்டு ஒரு சங்கமாவது துணிந்து செய்து, வருகைப் பதிவேட்டை நமக்குக் காட்டட்டும்.