அப்பா அழுத இடம்

"சினிமா பார்த்து அழுவீங்களா பாஸ்?" போன வாரம் நண்பர் ஒருத்தர் கேட்டார். பேச்சு எங்கெங்கோ சுத்தி 'கப்பலோட்டிய தமிழன்'ல வந்து நின்னுச்சு. "அதெல்லாம் சிவாஜி ஓவர் ஆக்டிங். இப்ப யாரு அழுவா?"ன்னு ஒரே போடா போட்டுட்டார். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. தூத்துக்குடிக்காரன்கிட்ட வ.உ.சி. படத்தைப் பத்தி இப்படிப் பேசலாமா? (துறைமுகத்துக்கே 2011-லேர்ந்து அவர் பேர்தான்.) ஆனா கோபம் ஊர்ப்பாசத்தால வந்தது இல்லை.

எங்க வீட்டுல அழுகை டிபார்ட்மெண்ட் முழுக்க அம்மாவோடது. சித்தி, அப்புறம் கோலங்கள்னு வருசக்கணக்கா முந்தானை நனைச்சவங்க. அப்பா விட மாட்டார். "ஏட்டி, அவளுக்கு நாளைக்கும் கஷ்டம் வரும். மிச்சத்தை நாளைக்கு அழுவு, இப்ப சோத்தைப் போடு"ன்னுவார். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். இப்ப நினைச்சா வெட்கமா இருக்கு.

ஒரு ஆகஸ்ட் 15 அன்னிக்கு டிவில கப்பலோட்டிய தமிழன் போட்டான். 1961-ல பி.ஆர்.பந்துலு எடுத்தது, ம.பொ.சி. எழுதின புத்தகத்தை வச்சு. செக்கிழுக்கிற இடத்துல அம்மா, ஆச்சி, நான் எல்லாரும் அவுட். அப்பா மட்டும் முறுக்கைக் கடிச்சிட்டு உக்காந்திருந்தார்.

அப்புறம் அந்த விடுதலைக் காட்சி வந்துச்சு. ஜெயில் கதவு திறக்குது, வரவேற்க ஊரே திரண்டு நிக்கும்னு பார்த்தா ஆள் இல்லை. தொழுநோய் பிடிச்சு அடையாளமே தெரியாம சுப்பிரமணிய சிவா மட்டும் நிக்கிறார். டி.கே.சண்முகம் நடிச்சது. அப்பா பாதி முறுக்கைத் தட்டுல வச்சிட்டு எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். தண்ணி கொண்டு போனேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே சொன்னார்:

"வெளிய வந்து என்னல செய்ய? கப்பலத்தான் வித்துட்டானுவளே."

மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திட்டுப் போற ஒரு தோணில அப்பாவுக்குப் பங்கு இருந்துச்சு. கடன் கழுத்தை நெரிச்சதுல அதுக்கு ரெண்டு வருசம் முந்தி அந்தத் தோணி கைமாறிப் போச்சு. அதைப் பத்தி வீட்டுல ஒரு வார்த்தை பேசினவர் இல்லை.

அப்பா சொன்னது சரித்திரம்தான். 1906-ல சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சாங்க, ஒரு பங்கு 25 ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல கப்பல் ஓடுச்சு. எதிர்க்கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைச்சுக் குறைச்சு, கடைசில சும்மாவே ஏத்திக் கையில குடையும் கொடுத்தான்னு சொல்வாங்க. 1908-ல வ.உ.சி. உள்ளே போனார். 1911-ல கம்பெனியைக் கலைச்சு, கப்பலைப் போட்டிக்காரன்கிட்டயே வித்தாச்சு. அவர் வெளிய வந்தது 1912 டிசம்பர்ல. செக்கு உடம்பை முறிச்சிருக்கும். இது?

சிவாஜி அந்தப் படத்துல சில இடத்துல கூடுதலாத்தான் பண்ணியிருக்கார், ஒத்துக்கிறேன். ஆனா அளவா நடிச்சாத்தான் அழுகை வரும்னா, மணிரத்னத்தோட 'கடல்' (2013) எங்க மாவட்டத்து மணப்பாட்டுல எடுத்தது, சொந்த மண்ணு, ரகுமான் இசை வேற... எனக்கு ஒரு சொட்டு வரலையே! அது படத்தோட குத்தம் இல்லை. எனக்குத் தீராத கணக்கு எதுவும் அந்தக் கதைல இல்லை, அவ்வளவுதான். அப்பாவோட கணக்கு அந்த ஜெயில் வாசல்ல கிடந்துச்சு. அம்மாவோடது ஏதாவது சீரியல்ல கிடந்திருக்கும், நாங்க கேக்கவே இல்லை. அதனாலதான் அடுத்தவன் அழுறதைப் பார்த்து மார்க் போடுறது எனக்குப் பிடிக்கிறதில்லை. படம் வந்த அந்த 1961-லதான் எங்க கடல்ல அரசாங்கம் நடத்தின முத்துக்குளிப்பும் கடைசியா நடந்துச்சு. அந்த வருசம் தியேட்டர்ல எவன் எவன் எதை நினைச்சு அழுதானோ.

வ.உ.சி. கதைல என்னை ஆட்டிப் பார்க்கிறது வேற இடம். ஜெயில்லேர்ந்து வந்தவருக்கு வக்கீல் சன்னது போச்சு, மெட்ராஸ்ல கடை வச்சுக் கஷ்டப்பட்டார். பிறகு வாலஸ்னு ஒரு வெள்ளைக்கார நீதிபதி உதவியில சன்னது திரும்பக் கிடைச்சுது. அந்த நன்றிக்குத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன்னு பேர் வச்சார். வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்ட மனுசன்! அந்தப் பேர் வைக்கிற ஒரு காட்சியை யாராவது வசனமே இல்லாம எடுத்தா, ஓவர் ஆக்டிங்கோ அண்டர் ஆக்டிங்கோ, நான் காலி. அப்பா இருந்திருந்தா அந்தக் காட்சி வர்றதுக்கு முந்தியே எழுந்து திண்ணைக்குப் போயிருப்பார்.