வினாக்கொத்தோடு வருபவரிடம் நாம் கேட்க வேண்டியவை

யுத்தத்துக்கும் 2004 சுனாமிக்கும் பிறகு தம்பிலுவிலில் எங்களிடம் எத்தனையோ பேர் வினாக்கொத்துடன் வந்து போனார்கள். சமபாலுறவுள்ளோரின் உடல்நலம், பாலியல் நலன் பற்றிய ஆய்வென்று ஒருவர் வந்தால் பங்குபற்றலாமா? பங்குபற்றலாம் என்பதே என் எண்ணம். பெண்ணை நேசிக்கும் பெண்ணும் நம் ஊர்களில் இருக்கிறாள். கிளினிக்கில் அவள் வாய் திறக்கப் பயந்தால், அவளது நோயும் மனவேதனையும் எந்தக் கணக்கிலும் சேராது. சமபாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990 இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

ஆனால் பெயர் வெளியே வந்தால் ஆபத்து. தண்டனைச் சட்டக்கோவையின் 365அ பிரிவு, 1995 திருத்தத்தால் பெண்களையும் உள்ளடக்கியது. ரொசானா பிளேமர் கல்தேரா செய்த முறைப்பாட்டில், இது பெண்களின் உரிமையை மீறுகிறதெனப் பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐ.நா. குழு 2022 இல் கூறியது. அப்பிரிவு நீங்கும் வரை கவனம் வேண்டும்.

ஆகவே தோழியரே, முதலில் நீங்கள் கேளுங்கள். யாருக்காக இந்த ஆய்வு? என் பெயர் எழுதப்படுமா? ஒலிப்பதிவு யாரிடம் இருக்கும்? விரும்பாத கேள்வியை விடலாமா? பாதியில் எழுந்து போகலாமா? தெளிவான பதில் இல்லையேல் கையொப்பமிட வேண்டாம். மறுத்ததற்காக உங்கள் நிவாரணமோ சிகிச்சையோ நிறுத்தப்படக் கூடாது.