மதியம் மட்டும் அணைந்துபோகும் கம்ப்யூட்டர்: செலவு செய்யும் முன் சூட்டைப் பாருங்கள்!

சித்திரை பிறந்துவிட்டால் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது: “காலையில நல்லாத்தாங்க ஓடுது. மத்தியானம் ரெண்டு மணி ஆனா தானா ஆஃப் ஆயிடுது.”

இப்படி நேரம் பார்த்து வரும் கோளாறுக்கு மதர்போர்டை மாற்றுவது, புது கம்ப்யூட்டர் வாங்குவது என்று பல ஆயிரம் ரூபாயைக் கொட்டியவர்கள் உண்டு. ஆனால், காலையில் ஓடி மதியம் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சூட்டைத்தான். அதைச் சரிசெய்ய ஒரு பெயின்ட் பிரஷ்ஷும் அரை நாள் பொறுமையுமே பெரும்பாலும் போதும்.

அதற்கு முன் ஒரு வேலை. திடீரென அணையும்போது சேமிக்காத வேலை போய்விடும். எழுதிக்கொண்டிருந்த ஃபைலே கெட்டுப்போகவும் வாய்ப்பு உண்டு. கடைக் கணக்கு, பிள்ளைகளின் புராஜெக்ட், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் காலை நேரத்திலேயே ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள்.

அணைவது ஏன்?

2001-ல் டாம்ஸ் ஹார்டுவேர் என்ற இணையதளம் ஒரு சோதனையை வீடியோ எடுத்து வெளியிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர்களின் மேலிருந்த குளிர்விப்பானைக் கழற்றினார்கள். ஏ.எம்.டி. ஆத்லான் நொடிப்பொழுதில் புகைந்து கருகியது. இன்டெல் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பியது. இன்றைய பிராசஸர்கள் எல்லாவற்றிலும் இந்தத் தற்காப்பு இருக்கிறது. இன்டெல் டெஸ்க்டாப் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் எல்லை. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசையில் பலவற்றுக்கு 95. எல்லையைத் தொட்டதும் முதலில் வேகம் குறையும். அப்போதும் சூடு ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும்.

ஆக, அணைவது பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. மதிய நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டர் மந்தமாவதுதான் அதற்கு முந்தைய எச்சரிக்கை மணி.

காய்ச்சலை அளந்து பாருங்கள்

கேபினட்டைக் கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைக் கணிக்க முடியாது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரும் பிராசஸர் சூட்டைக் காட்டாது. ஹெச்.டபிள்யூ மானிட்டர், கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள்களில் ஒன்றை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது எத்தனை டிகிரி, பத்து நிமிடம் வழக்கமான வேலை செய்தபின் எத்தனை டிகிரி என்று இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள். அறையின் வெப்பத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏனென்றால், ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க முடியாது. மார்கழியில் 25 டிகிரி அறையில் 75-ல் நின்ற பிராசஸர், அதே வேலைக்கு 39 டிகிரி அறையில் ஏறத்தாழ 89-க்குப் போகும். கம்ப்யூட்டர் கெடவில்லை, தாக்குப்பிடிக்கும் இடைவெளிதான் குறைந்துவிட்டது.

கடும் வேலையின்போது 80-ஐ ஒட்டி இருந்தால் கவலை வேண்டாம். எல்லையைத் தொட்டபடியே இருந்தாலோ, சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டினாலோ கவனிக்க வேண்டும். ரைசன் 7000-ன் உயர்வகைகள் முழு வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை என்பதால், அந்த ஓர் எண்ணைக் கண்டு மட்டும் பதற வேண்டாம். 55 டிகிரியிலேயே அணைகிறது என்றால் பிராசஸர் சூடு காரணமாக இருக்காது. எஸ்.எம்.பி.எஸ்., ரேம், வீட்டு வோல்டேஜ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

சும்மா ஓடும் புரோகிராம்கள்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சி.பி.யு. என்ற தலைப்பைத் தட்டினால், அதிகம் உழைக்க வைக்கும் புரோகிராம் மேலே வரும். எதுவும் செய்யாமல் இருக்கும்போதே அறிமுகமில்லாத ஒன்று பாதிக்கு மேல் விழுங்கினால், ஆன்ட்டி வைரஸால் முழுச் சோதனை நடத்துங்கள். கிரிப்டோ நாணயம் தோண்டும் திருட்டு மென்பொருள்கள் இப்படித்தான் மறைந்து ஓடும்.

மூடியைத் திறந்து ஒரு சோதனை

பிராசஸரில் பிறக்கும் சூடு, அதன் மேல் தடவிய பேஸ்ட் வழியாக ஹீட்சிங்க்குக்கு ஏறுகிறது. ஃபேன் அதைக் கேபினட் காற்றில் கலக்கிறது. அங்கிருந்து பின்பக்க ஃபேன் அறைக்குத் தள்ளுகிறது. இந்தப் பாதையில் எங்கே அடைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

கம்ப்யூட்டரை அணைத்து, கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டு அதே வேலையைச் செய்து பாருங்கள். உள்ளே கைவைக்க வேண்டாம், குழந்தைகளும் எட்டி இருக்கட்டும். பத்து டிகிரி போலச் சட்டென்று குறைந்தால் கேபினட்டுக்குள் காற்றோட்டம் இல்லை என்று பொருள். பெரிதாகக் குறையவில்லை என்றால் பிராசஸர் ஃபேன், ஹீட்சிங்க் தூசி, பேஸ்ட் ஆகியவற்றில் கோளாறு. இதே வசதிக்காக மூடியில்லாமலே நிரந்தரமாக ஓட்டாதீர்கள். தூசியும் பல்லியும் உள்ளே குடிவந்துவிடும்.

தூசி தட்டும் முறை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். கேபினட்டின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் ஃபேன் இறக்கைகளையும் ஹீட்சிங்க்கின் இடுக்குகளையும் தட்டுங்கள். ஊதும் கருவி இருந்தால், ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். காற்றில் அது தாறுமாறாகச் சுழன்றால் பேரிங் கெடும். வேக்குவம் கிளீனரை உள்ளே நுழைக்காதீர்கள். அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சிப்புகளைப் பழுதாக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்டெல்லின் பெட்டியோடு வரும் குளிர்விப்பான்கள் பலவற்றில் நான்கு மூலையிலும் பிளாஸ்டிக் ஊசிகள் இருக்கும். ஒன்று கழன்றாலும் ஹீட்சிங்க் சரியாக ஒட்டாது. அதையும் பாருங்கள்.

தூசி போன பிறகும் சூடு குறையவில்லை என்றால் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். புது டியூப் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் சின்னப் பட்டாணி அளவு வைத்தால் போதும். குளிர்விப்பானைக் கழற்றும்போது மெல்லத் திருகி எடுங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 வகையில் நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசிகள் வளைந்துவிடும். கை நடுங்கினால் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுப்பதே நல்லது.

வைத்திருக்கும் இடம்

நம் வீடுகளில் பல கம்ப்யூட்டர் மேஜைகளில் கேபினட்டுக்கென்று கதவு போட்ட அறை இருக்கும். பின்பக்க ஃபேன் தள்ளும் சூடான காற்றையே முன்பக்கம் மறுபடி இழுத்துக்கொள்ள இதைவிட வசதியான இடம் கிடையாது. வெளியே எடுத்து, சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி, தரையிலிருந்து ஒரு பலகை உயரத்தில் வையுங்கள். அடுப்படிப் புகையும் ஊதுவத்திப் புகையும் தூசியைப் பிசுபிசுப்பாக்கும் என்பதால் அவற்றுக்கு எட்டவே இருக்கட்டும். புது ஃபேன் மாட்டுவதானால் முன்பக்கம் காற்றை இழுக்கவும் பின்பக்கம் தள்ளவும் வேண்டும். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம்.

எல்லாம் முடிந்ததும் மறுபடி அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். குறைந்திருந்தால் இந்தக் கோடை கடந்துவிடும். குறையவில்லை என்றால் அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். “அடிக்கடி ஆஃப் ஆகுது” என்று மட்டும் சொன்னால், எதை மாற்றுவது என்று கடைக்காரர்தான் முடிவு செய்வார். “தூசி தட்டியாச்சு, பேஸ்ட் மாத்தியாச்சு, மூடியைத் திறந்தாலும் 97-லேயே நிக்குது” என்று சொன்னால், எங்கே தேட வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். தேவையில்லாததை உங்கள் தலையில் கட்டவும் முடியாது.