வெனிலா மணமும் கைமணமும்



நேற்று நான் ஒரு கேக் செய்தேன். அடி கருகி, நடுவில் பள்ளம் விழுந்து, பார்க்க நம்ம ஊர் உப்பளப் பாத்தி மாதிரி இருந்தது. "போட்டோ எடுத்துப் போடுங்கப்பா" என்று மகள் போனில் சொன்னாள். மானம் போய்விடும், மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்தக் கேக்கைப் பற்றி உங்களிடம் பேச வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாகப் போகும். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று உங்களுக்குத் தெரியாததா?

என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு ஒரு சின்ன பாட்டில் நினைவிருக்கும். ஆல்டிஹைடு பாடம் எடுக்கும் நாளில் வீட்டிலிருந்து வெனிலா எசென்ஸ் பாட்டிலைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டுவருவேன். மூடியைத் திறந்து பெஞ்சு பெஞ்சாக நீட்டுவேன். "சார், கேக் வாசனை!" என்று கடைசி பெஞ்சிலிருந்து சத்தம் வரும். அந்த மணத்துக்குக் காரணமான வெனிலின் என்ற ஒரே மூலக்கூறில் ஆல்டிஹைடு, ஃபீனால், ஈதர் என்று மூன்று தொகுதிகளும் இருப்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். மூக்கு வழியாகப் போன பாடம் மறக்காது.

அந்த பாட்டில் என்னுடையது இல்லை. என் மனைவியுடையது. "பத்திரமா திருப்பிக் கொண்டாங்க, டிசம்பருக்கு வேணும்" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லித்தான் தருவாள்.

இந்த மார்ச் மாதம் அவள் போய்விட்டாள். உங்களில் பலர் நேரில் வந்தீர்கள். வர முடியாதவர்கள் போனில் அழுதீர்கள். அதைத் திரும்பவும் எழுதப் போவதில்லை. நவம்பர் கடைசியில் அடுக்களை மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். அச்சு முறுக்கு அச்சுக்கும் கேக் தட்டுக்கும் நடுவே அந்த எசென்ஸ் பாட்டில் இருந்தது. கால்வாசி மிச்சம். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 34 வருஷம் அதை என் பாடத்துக்கான பொருளாகவே பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒரு கதையை இப்போது சொல்கிறேன். வெனிலா என்பது ஒரு ஆர்க்கிட் கொடியில் காய்க்கும் காய். சொந்த ஊர் மெக்சிகோ. 1820 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கொடியை இந்தியப் பெருங்கடலில் மொரிஷியஸுக்குப் பக்கத்தில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனார்கள். கொடி படர்ந்தது, பூத்தது, ஆனால் காய்க்கவில்லை. மெக்சிகோவில் மகரந்தம் சேர்க்கும் தேனீக்கள் அந்தத் தீவில் கிடையாது. பூவுக்குள் ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று வேறு இருக்கிறது.

1841-இல் எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன், அடிமையாகப் பிறந்தவன், ஒரு சின்னக் குச்சியால் அந்தத் தடுப்பைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்தான். காய் பிடித்தது. மற்ற தோட்டங்களுக்கும் அவனை அனுப்பிச் சொல்லித்தர வைத்தார்கள். தோட்டக்காரர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கிடைத்தது. காசு கிடைக்கவில்லை. 1880-இல் ஏழையாகவே இறந்துபோனான். இன்றைக்கும் மடகாஸ்கரில் ஆகட்டும், நம் கேரள, கர்நாடகத் தோட்டங்களில் ஆகட்டும், வெனிலாப் பூ விரிந்த அன்றைக்கே யாரோ ஒருவர் வந்து ஒவ்வொரு பூவாகத் தொட்டுத்தான் காய் பிடிக்க வைக்கிறார்.

இவ்வளவு கைவேலை இருப்பதால்தான் அசல் வெனிலாவுக்கு அந்த விலை. நாம் மளிகைக் கடையில் வாங்கும் சின்ன பாட்டிலில் அது இருப்பதில்லை. லேபிளைப் படித்துப் பாருங்கள், செயற்கை மணமூட்டி என்று இருக்கும். 1874-இல் ஜெர்மனியில் டீமான், ஹார்மான் என்ற இருவர் பைன் மரத்திலிருந்து எடுத்த ஒரு பொருளைக் கொண்டு வெனிலினைச் செய்து காட்டினார்கள். இன்றைக்குப் பெரும்பகுதி பெட்ரோலியப் பொருள்களிலிருந்து வருகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, மூலக்கூறு ஒன்றுதான். அந்தச் சின்ன பாட்டில் இல்லையென்றால் நம் ஊரில் எத்தனை வீட்டுக்கு கேக் வாசனை எட்டியிருக்கும்?

டீமானின் பெயரை வருஷா வருஷம் சொன்னேன். எட்மண்டின் பெயரை ஒரு வருஷமும் சொல்லவில்லை. கேள்வித்தாளில் அமைப்பு வாய்பாடு வரும். யாருடைய கை என்ற கேள்வி வராது.

இதைத் தூத்துக்குடியில் இருந்துகொண்டு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. முத்துநகர் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோம், ரயிலுக்கும் அந்தப் பெயரை வைத்திருக்கிறோம். பாண்டியர், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இந்தக் கடலின் முத்துக்கு யார் யார் சொந்தம் கொண்டாடினார்கள் என்பது சரித்திரப் புத்தகத்தில் இருக்கிறது. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கியவரின் பெயர் எதில் இருக்கிறது? மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவரின் பெயர்? 1961-ஓடு பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1973-இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் நம் ஊரிலேயே வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். இரண்டையும் பாடத்தில் சொல்லியிருக்கிறேன். அங்கேயும் அந்தக் கைகளைப் பற்றிச் சொல்லவில்லை.

வெளியில் தெரியாத இந்தக் கை, வீட்டுக்குள்ளும் தெரியவில்லை. நான் சொல்ல வந்தது இதுதான்.

எங்கள் வீட்டு டிசம்பர் நவம்பர் நடுவிலேயே தொடங்கிவிடும். திராட்சையும் செர்ரியும் ஆரஞ்சுச் சாற்றில் ஊறும். பாசிப்பயறு வறுத்துத் திரித்து முந்திரிக்கொத்துக்கு மாவு தயாராகும். அச்சு முறுக்கு மாவுக்குத் தேங்காய்ப்பால் பிழிவாள். நம்ம ஊர் மக்ரூனை வீட்டிலேயே செய்கிறவர்கள் இப்போது குறைவு, அவள் செய்வாள். முந்திரியைக் காயவைத்துப் பொடிக்க வேண்டும். முட்டை வெள்ளைக்கருவைத் தனியே பிரித்து அடிக்க வேண்டும், பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு. சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாகப் போக வேண்டும். பிறகு மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் காய வேண்டும். டிசம்பர் என்றால் மழைக்காலம், கடல்காற்று வேறு. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஒரு மணி நேரம் வெளியே வைத்தால் மக்ரூன் பிசுபிசுத்துவிடும். அதனால் ஆறியதும் டின்னில் அடைக்க வேண்டும். ஒதுக்கி வைத்த மஞ்சள்கருவும் வீணாகாது, கேக்கில் போய்ச் சேரும்.

இத்தனைக்கும் நடுவில் என் வேலை என்ன? தட்டு சுமப்பது. 22 வீடுகளுக்குத் தட்டுக் கொண்டுபோவேன். "சார் வீட்டு கேக் சார் வீட்டு கேக்தான்" என்பார்கள். சிரித்துக்கொண்டே அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வருவேன். வீட்டுக்கு வந்து அதை அவளிடம் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். சில வருஷம் சொல்லியிருப்பேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்கமாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. மாவு, சர்க்கரை, அவளுடைய சின்ன அவன், எல்லாம் போயிற்று. இந்த வருஷம் ஒன்றும் வேண்டாம் என்றேன். 24-ஆம் தேதி மாடிவீட்டில் குக்கரைக் கடன் வாங்கினாள். விசிலையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, அதன் மேல் கேக் தட்டை வைத்தாள். உப்பு எப்படிச் சூட்டைச் சீராகப் பரப்புகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். "நீங்க விளக்குனது போதும், இந்த முட்டையை அடிங்க" என்றாள். ஐந்து நிமிஷம் அடித்தேன். கை வலித்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த ஒரு கேக்கைத் தீப்பெட்டி அளவுக்கு வெட்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள்.

எங்கள் திருமண வாழ்க்கையில் கேக்குக்காக நான் செய்த மொத்த வேலை அந்த ஐந்து நிமிஷம்தான்.

பண்டிகை நேரத்தில் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறேன். ஒன்று, "எல்லாம் கடையில் கிடைக்கிறது, எதற்கு இந்தப் பாடு?" இன்னொன்று, "அந்தக் காலத்துப் பெண்கள் எல்லாம் வீட்டிலேயே செய்தார்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எங்கே தெரிகிறது?" முதல் பேச்சில் எனக்குக் கோபம் இல்லை. மக்ரூனுக்கு நம் ஊர் பேர் வாங்கியதே பேக்கரிகளால்தான். அங்கேயும் அடுப்புச் சூட்டில் யாரோ நிற்கிறார்கள். முடியாதவர்கள் வாங்கட்டும், மனக்குறை வேண்டாம்.

இரண்டாவது பேச்சைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதைப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் என்னைப் போலத் தட்டு சுமந்தவர்கள். "கைமணம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். அதைப் பிறவியிலேயே வந்த வரம்போலப் பேசிவிட்டால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை, கை கொடுக்கவும் வேண்டியதில்லை. அந்தக் கைமணத்துக்குப் பின்னால் வறுத்ததும் இடித்ததும் இரவு 12 மணிக்குப் பாத்திரம் கழுவியதும் இருந்தன. நான் பள்ளிக்கூடத்தில் மில்லிகிராம் வரை நிறுக்கும் தராசு வைத்திருந்தவன். என் வீட்டுக் கேக்கின் அளவு எனக்குத் தெரியாது. கேட்டதே இல்லை.

இப்போது மதினியிடம் போனில் கேட்டு எழுதிக்கொண்டேன். நாலு முட்டையை நிறுத்து, அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சர்க்கரை, அதே எடைக்கு மைதா. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் எசென்ஸ். இவ்வளவுதான். நான் செய்த தப்பு, 20 நிமிஷத்திலேயே ஆசை தாங்காமல் மூடியைத் திறந்தது. மாவு வெந்து இறுகுவதற்குள் குளிர்ந்த காற்று பட்டால் உள்ளே இருக்கும் குமிழிகள் சுருங்கி நடுப்பாகம் இறங்கிவிடும். காரணம் எனக்கு முன்பே தெரியும். பொறுமை தெரியவில்லை. "அவ கிட்ட நின்னு பாத்திருந்தா இது தெரிஞ்சிருக்குமே, தம்பி" என்றார் மதினி. அதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதனால் பிள்ளைகளே, சார் கொடுக்கும் வீட்டுப்பாடம் மூன்று.

ஒன்று: உங்கள் வீட்டில் பலகாரம் செய்கிறவர் அம்மாவோ, மனைவியோ, அத்தையோ, அப்பாவோ, அவர் இருக்கும்போதே பக்கத்தில் நின்று அளவை எழுதிக்கொள்ளுங்கள். "கைத்திட்டம்தான்" என்று சொன்னால் விடாதீர்கள். அவர் கையில் எடுத்ததை வாங்கி நிறுத்துப் பாருங்கள்.

இரண்டு: எழுதினால் மட்டும் போதாது. இந்த டிசம்பரில் ஒரு வேலையை முழுசாக உங்கள் பேரில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளைகளுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன். உதவி செய்கிறேன் என்று ஐந்து நிமிஷம் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

மூன்று: போன வருஷம் வரை உங்களுக்குத் தட்டு அனுப்பிய ஒரு வீட்டிலிருந்து இந்த வருஷம் வராமல் போகலாம். வயதாகியிருக்கும், உடம்பு முடியாமல் இருக்கும், அந்தக் கையே இல்லாமல் போயிருக்கும். ஏன் வரவில்லை என்று யோசித்துக்கொண்டு உட்காராதீர்கள். நீங்கள் கொண்டுபோங்கள். கடையில் வாங்கியதாக இருந்தாலும் சரி.

கருகின கேக்கின் அடியைச் சீவிவிட்டு எதிர்வீட்டு ஆச்சிக்கு ஒரு துண்டு கொண்டுபோனேன். தீபாவளி முறுக்கும் பொங்கல் கரும்பும் அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வராத வருஷம் இல்லை. ஆச்சி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "வாசனை அவ கேக்கு மாதிரியே இருக்கு சார். அடிதான் தீஞ்சுபோச்சு" என்றார். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று ஒரு பிடி சர்க்கரை போட்டுத் தந்தார். நாளைக்குச் செய்யப்போகும் கேக்குக்கு அந்தச் சர்க்கரையையும் சேர்த்துத்தான் நிறுக்கப்போகிறேன். மூடியை 40 நிமிஷம் திறக்கமாட்டேன்.

உங்கள் வீட்டுப் பலகாரம் யார் கையில் ஆகிறது, இந்த வருஷம் நீங்கள் எதை எடுத்துச் செய்யப்போகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன், மார்க்கும் போடுவேன்.

எல்லோருக்கும் பண்டிகைக்கால வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் வேதியியல் சார்