வேண்டாத கணப்பு

லண்டனில் குடியேறியிருக்கும் நம் உறவினர்கள் மார்கழி, தை மாதங்களில் ஊருடன் தொலைபேசியில் பேசும்போது, க்ஷேமலாபங்கள் முடிந்த கையோடு ரேடியேட்டர் புராணத்தை ஆரம்பித்து விடுகிறார்கள். ஜன்னலுக்குக் கீழே சுவரோடு சுவராக நிற்கும் இரும்புப் பெட்டி அது. கொதிகலத்தில் காய்ச்சிய வெந்நீர், குழாய் வழியே அதற்குள் ஓடி அறையைச் சூடாக்குகிறது. அதை உபயோகிப்பதற்கு ஒரு சாஸ்திரமே இருக்கிறது. அதற்கு முன்னால் சோபாவை இழுத்துப் போடக் கூடாது; நீளத் திரையை அதன்மேல் தொங்கவிடக் கூடாது; ஈரத் துணியைப் போர்த்தக் கூடாது. மேல்பாகம் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். சிறு சாவியால் திருகி அதை வெளியேற்ற வேண்டும். வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் பெட்டிக்குப் பின்னால் பளபளப்பான தகட்டை ஒட்டினால், தெருவுக்குப் போகும் உஷ்ணத்தில் ஒரு பகுதி அறைக்கே திரும்பி வரும்.

வியர்வை வழிய உட்கார்ந்திருக்கும் நம் நேயர்களுக்கு இந்தக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். பசியாவரத்தில் ஒரு சித்திரை மாத இரவைக் கழிக்கும் வரையில் நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சென்னைக்கு வடக்கே, பழவேற்காட்டுக்கு எதிரே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மீனவர் கிராமம் பசியாவரம். எந்தத் திக்கில் பார்த்தாலும் ஜலம். அப்படிப்பட்ட இடத்தில் குளுகுளுவென்று நித்திரை வரும் என்று எண்ணித்தான் போனோம். நாம் தங்கிய வீடு சுத்தமான காங்கிரீட் வீடு. மின்சார விசிறி இருந்தது. ஆனால் இரவு பத்து மணிக்கு அடுப்பின் அருகில் படுத்தாற்போல் இருந்தது. வெளியே திண்ணையிலோ அருமையான காற்று! நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்த வீட்டுக்கார அம்மாள் சிரித்தாள். "பகல்லே வெயில் வெளியே அடிக்குதுங்க ஐயா, ராத்திரியானா வீட்டுக்குள்ளே அடிக்குது" என்றாள்.

பௌதிக சாஸ்திரிகள் பத்துப் பக்கத்தில் சொல்லுவதை அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். சித்திரை வெயிலில் மொட்டை மாடியின் மேற்பரப்பு அறுபது டிகிரி செண்டிகிரேடு வரை சுடக் கூடும். அந்தச் சூடு தளத்தின் கனத்தைக் கடந்து அடிப்புறம் வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கிறது. ஆகையால் நண்பகல் வெயில் சாயங்காலத்தில்தான் வீட்டுக்குள் பிரவேசிக்கிறது. அதற்கப்புறம் நடுநிசி வரையில் கூரையின் அடிப்புறம் நம் தலைக்கு மேல் உஷ்ணத்தைக் கதிராக வீசிக்கொண்டே இருக்கிறது. லண்டன் பெட்டிக்குக் கதிர்வீசி என்று பொருள்படும் பெயர் இருந்தாலும், அது பெரும்பாலும் காற்றைச் சூடாக்கிக் கிளப்பிவிட்டே வேலை செய்கிறது. நம்முடைய காங்கிரீட் தளம்தான் பெயருக்கேற்ற ரேடியேட்டர்! காற்றை அசைக்கும் விசிறியால் கதிரைத் தடுக்க முடியாது. கூரையடியில் தேங்கிய வெப்பக் காற்றையும் அது கீழே தள்ளி விடுகிறது.

பனையோலையும் கீற்றும் வேய்ந்த பழைய வீடுகளில் இந்தத் தொல்லை இல்லை. ஓலை சீக்கிரம் சுடும், சீக்கிரம் ஆறும். அதற்காக மறுபடியும் குடிசைக்குப் போங்கள் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. குடிசையில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதும், புயல் அடித்தால் கூரை எங்கே போகும் என்பதும் கடற்கரை ஜனங்களுக்குத் தெரியும். 2004-ம் வருஷம் ஆழிப்பேரலை வந்த பிறகு நமது கடற்கரை நெடுகிலும் காங்கிரீட் வீடுகள் எழும்பின. 2030-க்குள் தமிழ்நாட்டில் குடிசையே இல்லாமல் செய்வதற்காக எட்டு லட்சம் வீடுகள் கட்டுவதென்று 2024-ல் மாநில அரசாங்கம் ஒரு திட்டத்தை அறிவித்தது. வீடு ஒன்றுக்கு 360 சதுர அடி. மூன்றரை லட்சம் ரூபாய். நல்ல காரியம், மனமார வாழ்த்துகிறோம். ஆனால் எட்டு லட்சம் வீட்டோடு எட்டு லட்சம் வேண்டாத கணப்புகளையும் சேர்த்துக் கட்டிவிடக் கூடாதல்லவா?

உஷ்ணம் வெறும் அசௌகரியம் என்று எண்ணிவிட வேண்டாம். 2010-ம் வருஷம் மே மாதத்தில் அகமதாபாத்தில் அடித்த அனல் காற்றின்போது, வழக்கத்தைவிட ஆயிரத்துக்கும் அதிகமான பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன் பின்னரே அந்த நகரம் 2013-ல் வெப்பத்தைச் சமாளிப்பதற்கென்று ஒரு திட்டம் வகுத்தது. கூரைக்கு வெள்ளை பூசுவதும் பிற்பாடு அதில் ஓர் அங்கமாயிற்று. தெலுங்கானா அரசாங்கம் 2023-ல் குளிர்ந்த கூரைகளுக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. இரவில் உடம்பு ஆறாவிட்டால் மறுநாள் வெயிலைத் தாங்கும் சக்தி குறைந்துவிடுகிறது. பொழுது விடியுமுன் ஏரியில் இறங்கவேண்டிய மனிதனுக்கும், கைக்குழந்தைக்கும், கிழவிக்கும் அந்த நான்கு மணி நேரத் தூக்கம் சாமானியமல்ல.

லண்டன்காரர்களின் சாஸ்திரத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக்கொள்வதுதான் நாம் செய்யவேண்டியது. அவர்கள் பெட்டிக்குப் பின்னால் தகடு ஒட்டுகிறார்கள். நாம் கூரைக்கு மேலே சுண்ணாம்பு பூசவேண்டும். நல்ல வெள்ளைப் பூச்சு, தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். வீட்டுக்குள் இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலும் தூக்கத்துக்கு அது பெரிய லாபம். முதலில் தளத்தைப் பெருக்கிக் கழுவி, வெடிப்புகளை அடைத்துவிட வேண்டும். உப்பங்காற்று அடிக்கும் ஊரில் இது முக்கியம். வெடிப்பு வழியாக ஈரமும் உப்பும் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், காங்கிரீட் பாளம் பாளமாகத் தலையில் விழும். பிறகு முதல் நாளே நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை சேர்த்து, சாயங்கால வேளையில் இரண்டு மூன்று பூச்சுக் கொடுக்கலாம். மாசி, பங்குனியில் செய்தால் கோடை முழுவதும் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும். மறு வருஷம் திரும்பப் பூச வேண்டியதுதான். கையில் பணமுள்ளவர்கள் வெள்ளை ஓடு பதிக்கலாம். புதிதாகக் கட்டுகிறவர்கள் தளத்தின்மேல் மண் சட்டிகளை வரிசையாகக் கவிழ்த்து, இடைவெளியைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்புவதும் உண்டு. சட்டிக்குள் அடைபட்ட காற்று சூட்டைச் சுலபத்தில் இறங்கவிடாது.

மாடியின்மேல் ஓலைப் பந்தல் போடுவதும் நல்ல யோசனைதான். பழவேற்காட்டில் பனையோலை முடைவதில் கைதேர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். ஆனால் காற்றுக் காலத்தில் அதைப் பிரித்துவைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்கு நாம் சிபாரிசு செய்யமாட்டோம். கூரையடியிலுள்ள காற்றுத் துவாரங்களைக் கோணி திணித்து அடைப்பவர்கள் அந்தக் கோணியை உடனே எடுத்துவிட வேண்டும். சூடான காற்று வெளியேற வேறு வழி ஏது?

மொட்டை மாடியில் படுப்பது ஏன் சுகம் என்பதற்கும் இதுவே காரணம். இரவில் தளம் வானத்தைப் பார்த்தும் கதிர் வீசி ஆறிக்கொள்கிறது. நம் உடம்பும் அப்படியே. அலகாபாத் பக்கத்தில் தெளிந்த குளிர்கால இரவுகளில் ஆழமில்லாத மண் தட்டுகளில் தண்ணீரை வைத்துப் பனிக்கட்டி எடுத்ததைப் பற்றி ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1775-ல் எழுதியிருக்கிறார். ஏரிக்கரையின் ஈரக் காற்றில் பனிக்கட்டி கிடைக்காது, தூக்கம் கிடைக்கும்.

மறுநாள் காலையில் சுண்ணாம்பு யோசனையை வீட்டுக்கார அம்மாளிடம் சொன்னோம். அவள் மாடியைக் காட்டினாள். ஒரு பக்கம் வலை; மறு பக்கம் கருவாடு. "சுண்ணாம்பு மேலே மீனை எப்படிங்க ஐயா காயப் போடறது?" என்றாள். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை! கடைசியில், படுக்கும் அறைக்கு நேர் மேலே மட்டும் பூசிவிட்டு, சமையற்கட்டுக்கு மேலே கருவாட்டை விட்டுவிடுவதென்று முடிவாயிற்று. மூட்டைச் சுண்ணாம்பு என்ன விலை, படகில் ஏற்ற எவ்வளவு கேட்பான் என்று விரல் விட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள், நாம் புறப்படும்போது.